இதயம் நின்று திரும்பிய பிறகு: நெஞ்சில் ஐசிடியோடு வீடு வந்தவர்களுக்கு

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி நான் தூங்கவில்லை. வலி ஒன்றும் பெரிதாக இல்லை, தூங்கினால் திரும்ப எழுந்திருப்பேனா என்ற சந்தேகம்தான். இடது தோளுக்குக் கீழே ஐசிடி என்ற கருவி புடைத்துக்கொண்டிருக்கிறது, இதயம் மறுபடி தடம் புரண்டால் அது மின்சார ஷாக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும், எல்லாம் தெரியும். தெரிந்தும் விடிய விடிய விழித்துக் கிடந்தேன். பக்கத்தில் என் மனைவியும் தூங்கவில்லை என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் மூச்சு விடுகிறேனா என்று கவனித்துக்கொண்டே படுத்திருந்தாளாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த தாளில் தையலை எப்படிப் பார்த்துக்கொள்வது, எந்த மாத்திரையை எப்போது போடுவது என்றெல்லாம் இருந்தது. இந்த ராத்திரியைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, உங்கள் டாக்டர் சொன்னதற்கும் நான் சொல்வதற்கும் முரண் வந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

முதலில், உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "ஹார்ட் அட்டாக்காமே" என்பார்கள். ஹார்ட் அட்டாக் வேறு, இதயம் நிற்பது வேறு. மாரடைப்பு என்பது ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது. இதய நிறுத்தம், அதாவது கார்டியாக் அரெஸ்ட், பெரும்பாலும் மின்சாரக் கோளாறு: இதயத்தின் கீழ் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும், ரத்தம் வெளியே போகாது, சில நொடிகளில் நினைவு போய்விடும். மாரடைப்பு அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இதயத் தசை பலவீனம், பிறவியிலேயே வரும் மின்கோளாறு, பழைய தழும்பு என்று வேறு காரணங்களும் உண்டு. எவ்வளவு தேடியும் காரணம் கிடைக்காமல் போவதும் உண்டு, அதைத்தான் மனம் ஏற்க ரொம்ப அடம் பிடிக்கும். காரணம் பரம்பரையாக வரக்கூடியது என்றால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருக்கும். இதைத் தள்ளிப்போடாமல் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது நினைவு. விழுந்த நாளும், அதற்கு முந்தின சில நாட்களும், ஐசியுவில் இருந்த நாட்களும் பலருக்கு அப்படியே காணாமல் போயிருக்கும். எனக்கு ஐந்து நாள் இல்லை. அந்த இடத்தில் வேறு சில இருந்தன: சுவரில் தண்ணீர் ஓடியது, நர்ஸ் என்னைக் கட்டி வைத்து எங்கோ கடத்தப் பார்த்தார், இப்படி. ஐசியுவில் மூளை கலங்கியிருக்கும்போது இப்படிக் காட்சிகள் வருவது சகஜம், பைத்தியம் பிடித்ததற்கு அறிகுறி இல்லை. யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது, சொன்ன பிறகு அதன் பிடி தளர்ந்தது.

காணாமல் போன நாட்களை நிரப்ப, கூட இருந்தவர்களிடம் ஒரு தடவை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே விழுந்தேன், யார் நெஞ்சை அழுத்தினார்கள், ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, எத்தனை முறை ஷாக் கொடுத்தார்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் தயாராக இருக்கிற நாளில் மட்டும் கேளுங்கள், ஏன் என்று பின்னால் வருகிறேன்.

அந்தக் கருவியோடு பழகுங்கள்

ஐசிடி வந்த கதை எனக்குப் பிடிக்கும். மிச்செல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர், தான் குருவாக மதித்த இன்னொரு மருத்துவரை 1966-ல் இதயத் துடிப்புக் கோளாறில் பறிகொடுத்தார். எப்போது வரும் என்று தெரியாத ஒன்றுக்காக ஒரு மனிதரை ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்திருக்க முடியாது, அப்படியென்றால் ஷாக் கொடுக்கிற கருவியை அவர் உடம்புக்குள்ளேயே வைத்தால் என்ன என்று யோசித்தார். சக மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. 1980 பிப்ரவரியில் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். நெஞ்சைத் திறந்து இதயத்தின் மேல் மின்முனை வைத்து, பெட்டியை வயிற்றில் வைக்க வேண்டிய அளவுக்கு அது பெரியது. இப்போது தோலுக்கடியில் ஒரு சின்னப் பை போல வெட்டி உள்ளே நழுவவிட்டு, ரத்தக்குழாய் வழியாக ஒரு வயரை இதயத்துக்குள் இறக்கிவிடுகிறார்கள். சிலருக்கு வயர் இதயத்தைத் தொடாமல் தோலுக்கடியிலேயே போகும் வகை, அதில் பெட்டி இடது அக்குளுக்குக் கீழே விலாப் பக்கம் இருக்கும்.

இந்தக் கருவி மாரடைப்பைத் தடுக்காது, இதயத்தைப் பலப்படுத்தாது. ஒவ்வொரு துடிப்பையும் கவனித்துக்கொண்டே இருக்கும், ஆபத்தான வேகம் வந்தால் மட்டும் தலையிடும். ரத்தக்குழாய் வழி வயர் உள்ள வகைகளில், கோளாறு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து, முதலில் சில வேகமான துடிப்புகளைக் கொடுத்து இதயத்தைத் தாளத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பெரும்பாலும் வலிக்காது. அது பலிக்கவில்லை என்றால்தான் ஷாக். ஒரு செக்கப்பில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு "போன மாதம் ஒரு ராத்திரி இது ஒரு தடவை வேலை செய்திருக்கிறது" என்றார் டெக்னீஷியன். நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்! வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அப்பாடா என்று இருந்தது, அன்று ராத்திரி மறுபடி தூக்கம் போனது. இரண்டும் சேர்ந்தேதான் வரும் போலிருக்கிறது.

முதல் ஆறு வாரம்

கருவி வைத்த பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள், கனம் தூக்காதீர்கள் என்பார்கள். எத்தனை வாரம் என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். பயந்துபோய்க் கையை அசைக்காமலே உடம்போடு ஒட்டி வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும், எனக்கு அதுதான் நடந்தது. தோள் மட்டத்துக்குக் கீழே சாதாரணமாக அசைக்கலாம்.

நெஞ்சு அழுத்தியதில் விலா எலும்போ மார்பெலும்போ விரிசல் விட்டிருக்கலாம். இருமினால், தும்மினால், புரண்டால் குத்தும், வாரக்கணக்கில். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு குத்தலும் "மறுபடி வந்துவிட்டது" என்று மனதுக்குள் மணி அடிக்கும். எந்த வலிக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் போன் செய்யுங்கள், தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்காதீர்கள்.

அப்புறம் அந்தச் சோர்வு. குளித்துவிட்டு வந்தாலே படுக்க வேண்டும்போல ஒரு சோர்வு. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை வராது, அடுப்பை அணைத்தோமா என்பது மறந்துபோகும், நாலு பேர் ஒன்றாகப் பேசினால் தலை கனக்கும். இதயம் நின்ற நேரத்தில் மூளைக்கு ரத்தம் போகவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். இதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் தேறும், சிலருக்கு மெதுவாக அதற்குப் பிறகும். சும்மா சும்மா எரிந்து விழுவதும் காரணமில்லாமல் கண் கலங்குவதும் இதே கணக்கில் வரும். நான் ஒரு விளம்பரம் பார்த்து அழுதிருக்கிறேன், சோப்பு விளம்பரம். வேலைக்குத் திரும்புவதென்றால் அரை நாளில் தொடங்குங்கள், சீக்கிரமே முழு வேகத்தில் இறங்கித் திணறியவர்களில் நானும் ஒருவன்.

ஷாக் பற்றிய பயம்

இதுதான் மையம், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான். ஷாக் எப்படி இருக்கும்? நெஞ்சில் குதிரை உதைத்தது போல என்று சொல்வார்கள். நொடியில் முடிந்துவிடும். நினைவு தப்பியிருந்தால் தெரியாமலே போகலாம். அந்த நேரத்தில் உங்களைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு அதிகபட்சம் லேசாகச் சுரீர் என்று இருக்கும், ஆபத்தில்லை. குழந்தையைத் தூக்கவே பயந்துகொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும், அவருக்கு இந்த ஒரு தகவலை யாரும் சொல்லவில்லை.

பல வருடம் ஒரு ஷாக்கும் வாங்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் அதைச் சொன்னால் பயம் போய்விடுமா என்ன? எனக்குப் போகவில்லை. குறைத்தது ஒரு தாள்தான். "ஷாக் வந்தால் என்ன செய்வது" என்று டாக்டரிடம் கேட்டு எழுதி, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி சமையலறைச் சுவரில் ஒட்டினோம். பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான், உங்களுக்கு மாற்றம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்:

ஒரு ஷாக் வந்தது, பிறகு நன்றாக இருக்கிறேன்: உட்கார வேண்டும், யாரையாவது கூப்பிட வேண்டும், அன்றைக்கே டிவைஸ் கிளினிக்குக்கு (கருவியைச் செக் செய்யும் இடத்துக்கு) போன் செய்ய வேண்டும்.

ஒரு ஷாக் வந்தது, ஆனால் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், குழப்பம் இருக்கிறது: ஆம்புலன்ஸ்.

ஒரே நாளில் இரண்டோ அதற்கு மேலோ வந்தது: எப்படி இருந்தாலும் ஆம்புலன்ஸ்.

விழுந்துவிட்டார், எழவில்லை, மூச்சு சரியில்லை: ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். உள்ளே ஐசிடி இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். வெளியிலிருந்து ஷாக் கொடுக்கும் இயந்திரம் கிடைத்தாலும் பயன்படுத்தலாம், பட்டையைக் கருவியின் மேலேயே ஒட்டாமல் தள்ளி ஒட்ட வேண்டும்.

இதை எழுதியதும் ஒன்று நடந்தது. என் தலைக்குள் முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருந்த காட்சிக்கு ஒரு அடுத்த கட்டம் கிடைத்தது. முன்பு "ஷாக் வரும்" என்பதோடு படம் நின்றுவிடும். இப்போது "ஷாக் வரும், உட்காருவேன், போன் செய்வேன்" என்று நீள்கிறது.

வராத ஷாக்கும் வரும். தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் ஒரு ராத்திரி நெஞ்சில் அடித்தது போலத் துள்ளி எழுந்தேன், வியர்த்துவிட்டது. மறுநாள் கருவியைப் பார்த்தார்கள், அதில் எதுவுமே பதிவாகவில்லை. இதற்கு மாய ஷாக் என்று பெயர், ஐசிடிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். கற்பனை செய்கிறோம் என்று வெட்கப்பட வேண்டியதில்லை, ஆனால் நீங்களே "மாயம்தான்" என்று முடிவு கட்டாமல் செக் செய்துவிடுங்கள். தேவையில்லாமல் ஷாக் வருவதும் உண்டு, மேல் அறைகளின் படபடப்பைத் தவறாக எண்ணியோ வயர் பழுதாகியோ. வந்தால் செட்டிங்கை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

ஷாக் வந்த இடத்தை, அப்போது செய்துகொண்டிருந்த வேலையை மனம் பழிபோடும். மாடிப்படியில் வந்தால் மாடிப்படி வேண்டாம், நடக்கும்போது வந்தால் நடை வேண்டாம். விட்டால் வீடு ஒரு அறையாகச் சுருங்கிவிடும்.

உடம்பை மறுபடி நம்புவது

தைரியம் வந்த பிறகு வெளியே போகலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. போய்வந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. எனவே பயப்படுகிற விஷயங்களை லேசானதிலிருந்து கடினமானதுவரை ஒரு வரிசையாக எழுதுங்கள். என்னுடையது: தாழ்ப்பாள் போட்டுக் குளிப்பது, வீட்டில் தனியாக ஒரு மணி நேரம், தெருமுனைவரை தனியாக நடை, மாடி ஏறுவது, நான் விழுந்த இடத்துக்குப் போவது. ஒன்றைப் பல நாள் செய்து சலித்துப்போன பிறகு அடுத்தது. கடைசியைத் தொட எனக்கு ஏழு மாதம் ஆனது. போய் நின்றேன், ஒன்றுமில்லை, வெறும் தரை.

உடற்பயிற்சிக்கு, இதய மறுவாழ்வுப் பயிற்சி உங்களுக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கண்காணிப்போடு வேகமாக நடந்து, இதயம் படபடவென்று அடித்து, எதுவும் ஆகாமல் அடங்குவதை நாமே பார்ப்பது பத்து ஆறுதல் வார்த்தைக்குச் சமம். உங்கள் கருவி எந்த வேகத்துக்கு மேல் போனால் தலையிடும் என்ற எண்ணையும், பயிற்சியில் எதுவரை போகலாம் என்பதையும் கேட்டு வாங்குங்கள். நூறைத் தாண்டினாலே ஷாக் அடித்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன், அந்த எண் அதைவிட எவ்வளவோ மேலே இருந்தது.

நாடி பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு ஸ்மார்ட்வாட்ச் ஒரு வியாதியாகவே ஆனது, ஒரு நாளில் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். பார்க்கப் பார்க்கத் துடிப்பு ஏறும், ஏறியதைப் பார்த்துப் பயம் ஏறும். ஒரு துடிப்பு தவறுவது போன்ற உணர்வு ஆரோக்கியமான இதயத்திலும் வருவதுதான். கடைசியில் வாட்சை மேசை டிராயரில் போட்டேன். நம்மைக் கவனிக்கிற வேலையை உள்ளே ஒன்று இரவும் பகலும் செய்துகொண்டிருக்கிறது, அதற்கு மேல் நான் எதற்கு?

கிறிஸ்டியன் எரிக்சனின் பெயர் எப்படியும் உங்கள் காதில் விழும். 2021 ஜூன் 12-ல் கோபன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் மைதானத்திலேயே இதயம் நின்று விழுந்த டென்மார்க் கால்பந்து வீரர். ஐசிடி வைத்துக்கொண்டு அடுத்த வருடமே இங்கிலாந்தில் ஆடத் தொடங்கினார், 2024 யூரோ போட்டியில் கோல்கூட அடித்தார். அதே ஐசிடியோடு இத்தாலியில் ஆட அனுமதி கிடைக்கவில்லை என்பதும் கதையின் பகுதி. முதல் மாதத்தில் யாரோ இந்தக் கதையைச் சொன்னபோது, தெருமுனைக்குப் போகவே நடுங்குகிற எனக்குக் கோபம்தான் வந்தது. உங்களுக்கும் வந்தால் வரட்டும்.

"மறுபிறவி எடுத்திருக்கீங்க, சந்தோஷமா இருங்க"

இதை எத்தனை பேர் சொல்லப்போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் சந்தோஷம் வராதபோது, பிழைத்ததே குற்றம் போலவும் நன்றிகெட்டவன் போலவும் தோன்றும். நன்றியும் கோபமும் துக்கமும் ஒரே நாளில் வரலாம். இழந்தது ஒன்று இருக்கத்தானே செய்கிறது: தன் உடம்பைப் பற்றி யோசிக்காமலே இருந்த அந்தப் பழைய ஆள். "அந்தப் பக்கம் என்ன பார்த்தீங்க?" என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு எதுவும் தெரியவில்லை என்றதும் சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஒரே வரியில் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "தேறி வருகிறேன், அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்" என்பது எனக்குப் போதுமாக இருந்தது.

பார்த்தவர்கள்

நடந்தது எனக்கு. ஆனால் எனக்கு அது ஒரு வெட்டுப்பட்ட படம், நடுவில் காணோம். அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தது என் மனைவி. என் முகம் நிறம் மாறியதையும், தொண்டையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தையும், தன் கைக்குக் கீழே விலா எலும்பு நொறுங்கியதையும் அவள் ஞாபகம் வைத்திருக்கிறாள். எனக்கு மாதங்கள் கழித்துப் பயம் குறைந்தபோது அவளுக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. குளியலறையில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் கதவைத் தட்டுவாள், நான் எரிந்து விழுவேன், அவள் அழுவாள். இரண்டு பேரும் ஒரே நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், ஆனால் இரண்டு வேறு நாட்கள்.

ஒரு ஒப்பந்தம் போட்டோம். வெளியே போனால் நான் ஒரு மெசேஜ் அனுப்புவேன், அவள் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட மாட்டாள். குளியலறைக் கதவைத் தட்டினால் நான் "ம்" என்பேன், சண்டை இல்லை. சில்லறை விஷயம்தான், ஆனால் வீட்டில் மூச்சு விட முடிந்தது. கவுன்சலிங் தேவைப்பட்டது முதலில் அவளுக்கு. உங்கள் வீட்டில் நெஞ்சை அழுத்தியவர், பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை, யாராக இருந்தாலும் "உனக்கு எப்படி இருக்கு?" என்று நீங்கள் கேளுங்கள், வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

எப்போது உதவி தேடுவது

அமெரிக்க இதயச் சங்கம் 2020-ல், உயிர்காக்கும் சங்கிலி என்று அவர்கள் சொல்லும் வரிசையில் மீட்சியை ஆறாவது கண்ணியாகச் சேர்த்தது. ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளும் 2021-ல், டிஸ்சார்ஜ் ஆகி மூன்று மாதத்துக்குள் நினைவாற்றல், மனநிலை, சோர்வு ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்கின்றன. ஆனால் செக்கப்பில் தையலையும் பேட்டரியையும் மட்டும் பார்த்து அனுப்புவது நடக்கத்தான் செய்கிறது. எனவே நீங்களே வாயைத் திறந்து சொல்ல வேண்டும்: தூக்கமில்லை, எப்போதும் பயமாக இருக்கிறது, மறதி ஜாஸ்தி. நாள் கணக்கில் ஒன்றிலும் நாட்டமில்லாமல் இருப்பது, அந்த நாள் கனவிலும் பகலிலும் திரும்பத் திரும்ப வருவது, வீட்டை விட்டு இறங்க முடியாமல் போவது, பயத்தை அடக்கக் குடிக்கத் தொடங்குவது, இவை ஒரு மாதத்தைத் தாண்டினால் மனநல நிபுணரைப் பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம், அன்றைக்கே.

எண்ணங்களையும் பழக்கங்களையும் சேர்த்து மாற்றப் பயிற்சி தரும் சிகிச்சை முறை ஐசிடி வைத்தவர்களுக்கு உதவுகிறது. நான் மேலே சொன்ன பயவரிசைகூட அங்கே கற்றதுதான். மாத்திரை எழுதினால், ஐசிடி இருப்பதையும் ஏன் வைத்தார்கள் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் இதயத்தின் மின்னோட்டத்தைப் பாதிக்கும், பாதுகாப்பானவையும் இருக்கின்றன, இதய மருத்துவரைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நச்சரிக்கும் சின்னச் சந்தேகங்கள்

மைக்ரோவேவ் பிரச்சினை இல்லை. செல்போனைக் கருவியிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், சட்டைப் பையில் வேண்டாம். காந்தம் எதையும் நெஞ்சருகே கொண்டு வராதீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். விமான நிலையத்தில் ஐசிடி இருப்பதைச் சொல்லும் கார்டைக் காட்டுங்கள், வாசல் போன்ற கருவி வழியாக நிற்காமல் நடந்துவிடலாம், கையில் பிடித்துச் சோதிக்கும் கருவியை ஐசிடிக்கு மேல் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எம்ஆர்ஐ பல புதிய கருவிகளோடு எடுக்க முடியும், முன்கூட்டியே கேட்க வேண்டும். வண்டி ஓட்டுவதற்கு நாட்டுக்கு நாடு விதி வேறு, சில மாதத் தடை இருக்கலாம், டாக்டர் சரி சொல்லும்வரை சாவியைத் தொடாதீர்கள். தாம்பத்தியம் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், டாக்டரும் பேச மாட்டார். இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்காமல் இருக்க முடிந்தால் பொதுவாகப் பயமில்லை. ஷாக் வந்தாலும் துணைக்கு ஒன்றும் ஆகாது, இதைத் துணையிடமும் சொல்லிவிடுங்கள்.

பேட்டரி சில வருடங்களில் தீரும், பெட்டியை மட்டும் மாற்றுவார்கள். திடீரென்று தீர்ந்துபோகாது, செக்கப்பில் முன்னாலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, அந்தத் தேதி. ஒரு வருடம் முடிகிற வாரத்தில் காரணம் புரியாமல் உடம்பு படபடக்கும், தூக்கம் கெடும். எங்கள் முதல் வருட நாளில் நான் அதைக் கொண்டாட வேண்டும் என்று நினைத்து எல்லாரையும் அழைத்தேன். மனைவிக்கு அது அவள் வாழ்க்கையின் மிக மோசமான நாள். சாயங்காலம் வரை சண்டை, வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து பேசி வையுங்கள்: யாரைக் கூப்பிடுவது, எங்கே இருப்பது, அதைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா. அடுத்த வருடம் நாங்கள் இருவரும் லீவு போட்டுவிட்டு மத்தியானம் முழுக்கத் தூங்கினோம்.